கார்டில் 'ஓ' பாசிட்டிவ்... ஆனா உண்மையில் 'பாம்பே' ரத்தமா? அரிய ரத்த வகை உள்ளவர்கள் எப்போ தானம் செய்யணும்?

ரத்த தானம்னாலே 'முடிந்தபோதெல்லாம் கொடுங்க' என்றுதான் சொல்வார்கள். ஆனால் மிக அரிய ரத்த வகை உள்ளவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது பதிவு. பிறகு, தேவை வந்து அழைக்கும்போது தானம். ஏன் இப்படி? தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கோலாரில் என்ன நடந்தது?

தருமபுரியிலிருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டியிருக்கிறது கர்நாடகத்தின் கோலார். அங்கு இதய அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சாதாரண 'ஓ' பாசிட்டிவ் ரத்தம்தான். ஆனால் எந்த 'ஓ' பாசிட்டிவ் ரத்தமும் அவருக்குச் சேரவில்லை. உறவினர்கள் 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கடைசியில், வெளி ரத்தம் ஏற்றாமலேயே டாக்டர்கள் அறுவை சிகிச்சையை முடித்தார்கள்.

அவரது ரத்த மாதிரி பெங்களூரு ரத்த மையம் வழியாக இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வகத்துக்குப் போனது. சுமார் 10 மாத ஆய்வுக்குப் பிறகு, உலகில் இதுவரை பதிவாகாத வகை அது என்று தெரிந்தது. 'கிரிப்' என்று பெயரிடப்பட்ட அந்த வகை, 2025 ஜூனில் இத்தாலியின் மிலன் நகரில் அறிவிக்கப்பட்டது.

நெகட்டிவ் ரத்தம் எல்லாம் அரியதா?

இல்லை. இந்தியாவில் நூற்றில் சுமார் 5 பேருக்கு நெகட்டிவ் ரத்தம் உண்டு. கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், ஆனால் தேடினால் கிடைக்கும். உண்மையிலேயே அரியது என்றால் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு இருப்பது. இந்தியாவில் அப்படி அதிகம் பேசப்படுவது 'பாம்பே' ரத்தம். 1952-ல் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவினர் பம்பாயில் இதைக் கண்டறிந்ததால் இந்தப் பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவருக்குத்தான்.

டெஸ்ட்டில் ஏன் 'ஓ'ன்னு வருது?

ரத்த சிவப்பணுக்களின் மேல் 'எச்' என்ற அடிப்படைப் பொருள் இருக்கும். அதன் மேல்தான் 'ஏ', 'பி' உருவாகும். 'ஓ' வகைக்காரர்களுக்கு 'எச்' மட்டும் இருக்கும். பாம்பே வகைக்காரர்களுக்கு அந்த 'எச்'சே கிடையாது. 'ஏ'வும் இல்லை, 'பி'யும் இல்லை என்பதால், அவசரமாகச் செய்யும் ஸ்லைடு டெஸ்ட் இவர்களையும் 'ஓ' என்றே காட்டிவிடும்.

ஆபத்து இங்கேதான். இவர்கள் உடல் 'எச்'சை எதிரியாகப் பார்க்கும். 'ஓ' ரத்தத்தை ஏற்றினால் உள்ளே போன சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரே போகலாம். இவர்களுக்கு இன்னொரு பாம்பே வகை ரத்தம்தான் சேரும்.

ரத்த வங்கியில் சீரத்தையும் சேர்த்துப் பரிசோதித்தால் இது பிடிபடும். சந்தேகம் வந்தால் 'எச்' இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். அதனால் ரத்தம் ஏற்றும் முன் 'கிராஸ் மேட்ச்' செய்வதை அவசரத்திலும் தவிர்க்கச் சொல்லாதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால்தான் ஒருவருக்குப் பாம்பே வகை அமையும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடும். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் சொந்தத்தில்தான்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. வீட்டில் ஒருவருக்குப் பாம்பே ரத்தம் என்று தெரிந்தால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஊரெல்லாம் தேடும் முன் அண்ணன், தம்பி, அக்கா, தங்கையைச் சோதியுங்கள்.

அப்போ எப்போ கொடுக்கணும்?

எடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜில் 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும். முகாமில் கொடுத்த பாம்பே ரத்தத்துக்கு அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் அது வீண். கொடுத்தவரிடமிருந்து ஆணாக இருந்தால் 90 நாள், பெண்ணாக இருந்தால் 120 நாள் வரை மறுபடி எடுக்கவும் முடியாது. அந்த இடைவெளியில் ஒரு நோயாளி வந்தால் கைவிரிக்க வேண்டியதுதான். மைனஸ் 65 டிகிரிக்குக் கீழே உறைய வைத்தால் 10 ஆண்டு வரை வைக்கலாம். ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

தருமபுரிக்காரர்கள் என்ன செய்யலாம்?

• ரத்த வகையில் குழப்பம் என்று யாராவது சொல்லியிருந்தால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கியில் விசாரியுங்கள். மேல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சேலமோ பெங்களூரோ போக வேண்டியிருந்தாலும் நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணம்தான்.

• அரிய வகை என்று உறுதியானால், பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். மும்பையில் உள்ள தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் அரிய ரத்தக் கொடையாளர் பதிவேடு வைத்திருக்கிறது. போன் நம்பர் மாறினால் மறக்காமல் தெரிவியுங்கள்.

• ரத்த வகை எழுதிய கார்டைப் பர்ஸில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

• அறுவை சிகிச்சையோ பிரசவமோ வரப்போகிறது என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தேதி குறித்த அறுவை சிகிச்சை என்றால், உடல்நிலையைப் பொறுத்து, உங்கள் ரத்தத்தையே முன்னதாக எடுத்து வைக்க வழி உண்டு.

• தானம் செய்ய வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். அழைப்பு வரும் நாளில் இது குறைவாக இருந்தால் உங்களால் கொடுக்க முடியாது. அதனால் ஹீமோகுளோபினை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

• 'அரிய ரத்தம், இவ்வளவு ரூபாய்' என்று யாராவது பேரம் பேசினால் நம்பாதீர்கள். காசுக்கு ரத்தம் விற்பது இந்தியாவில் 1998 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ரத்த வங்கி வாங்குவது பரிசோதனை, பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே.