பல்லுக்கு உறுதி எதில் உள்ளது?



‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். பல்லே போனபின் உறுதிக்கு எங்கே போவது?

இக்கேள்வியை எனக்குள் எழுப்பியவர் என் அம்மா. மலாக்கா, ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பல்வலி வந்தபோதெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். பல் போன இடத்தில் தாடை எலும்பும் மெல்லக் கரையும் என அன்று எவரும் கூறவில்லை. இன்று பொய்ப்பல் நிற்காமல் ஆடுகிறது. முறுக்கைத் தேநீரில் ஊறவைத்தே உண்கிறார். “செயற்கைப் பல்வேர் பொருத்தலாம். ஆனால், மேல்தாடையின் பின்புற எலும்பு மிருதுவாக உள்ளது. முதல் பிடிமானம் கிடைப்பதுதான் கடினம்” என்றார் பல் மருத்துவர். அந்த முதல் பிடிமானத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

தற்செயலாய்ப் பிறந்த முறை

1952இல் சுவீடனின் லுண்ட் நகரில், பிரோனமார்க் என்னும் ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது கருவி வரவில்லை. எலும்பு அதனோடு இணைந்துவிட்டிருந்தது. 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகாணிகளைப் பொருத்தினார். 2006இல் லார்சன் மறையும்வரை அவை உழைத்தன.

ஆயினும், எலும்பு இணையப் பல வாரங்கள் ஆகும். அதுவரை திருகாணியை நிறுத்துவது வெறும் இறுக்கமே. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும்.

இறுக்கம் கூட்டும் வழிகள்

1. திருகாணியின் பருமனைவிடக் குறுகலாகத் துளையிடுதல். கம்பத்தைவிட அகலமாகக் குழி தோண்டினால் வேலி ஆடும் அல்லவா?

2. எலும்பை எடுக்காமல் ஒதுக்குதல். 1994இல் அமெரிக்கரான ராபர்ட் சம்மர்ஸ், உளி போன்ற கருவிகளால் துளையைத் தட்டி அகலமாக்கி, மிருதுவான எலும்பைச் சுற்றிலும் நெருக்கும் முறையை வெளியிட்டார்.

3. துளைக்கருவியை எதிர்த்திசையில் சுழற்றுதல். 2010களில் சாலா ஹுவைஸ் பரப்பிய இம்முறையில், எலும்புத் துகள் வெளியேறாமல் துளையின் சுவரிலேயே படிகிறது.

4. திருகாணியின் நுனி அப்பக்கத்துக் கெட்டி எலும்பையும் பற்றுமாறு பொருத்துதல்.

இறுக்கம் மிகுந்தாலும் தீங்கே. இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு மடியும். வெப்பமும் பகைதான். 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிப்படையும் என 1983இல் வெளிவந்த முயல் ஆய்வு காட்டியது. எனவேதான் குளிர்ந்த நீர் பாய்ச்சியபடி மெதுவாகத் துளையிடுகிறார்கள்.

அம்மாவின் சொல்

இவற்றையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கட்டையில காயம் படாம வெட்டணும். அவ்வளவுதானே, ஐயா?” என்றார்.

வியந்து போனேன். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட காலம் முதல், நம்மவர் கைகள் கற்ற பாடம் அதுவே. கத்தி பட்டையைக் கடந்து கட்டையைத் தொட்டால் மறுபட்டை சீராக வளராது. உயிருள்ளதை வெட்டுபவன், அது மீண்டும் வளர இடம்விட்டு வெட்ட வேண்டும்.

பள்ளி விடுமுறையில் மறுபடியும் மருத்துவரிடம் செல்கிறோம். அம்மா இசைந்துவிட்டார். மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் சொந்தப் பல்லை இழந்துவிடாதீர்கள், அதைக் காப்பதே எலும்பையும் காப்பது.