ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் தமிழ்நாட்டுக் காசநோய் மருத்துவமும்

ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க் கிருமியை அடக்கிய முதல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாகும். வாய்வழியே கொடுத்தால் குடல் இதை உறிஞ்சாது என்பதால் தசையில் ஊசியாகப் போடப்படுகிறது. உயிர் காத்த இம்மருந்து, முறை தவறியபோது செவியைப் பழுதாக்கியது. கிருமியையும் மருந்துக்கு அடங்காததாக மாற்றியது. இதை ஏழை நோயாளிகளுக்கும் பாதுகாப்பாகக் கொடுக்கும் வழியைக் கண்டதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

கண்டுபிடிப்பும் முதல் எச்சரிக்கையும்

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 107 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதங்களில், ஊசி பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர்.

இந்த வெற்றி நீடிக்கவில்லை. ஐந்தாண்டு முடிவில் முதல் குழுவில் 32 பேரும் இரண்டாம் குழுவில் 35 பேரும் இறந்திருந்தனர். மருந்தைத் தனியாகக் கொடுத்ததால் கிருமி சில மாதங்களிலேயே அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதே காரணம். ஊசி பெற்றவர்களில் பலருக்குத் தலைசுற்றலும் உண்டாயிற்று. காசநோய்க்கு ஒரு மருந்தை மட்டும் கொடுக்கக் கூடாது என்பது இதிலிருந்து கிடைத்த முதல் பாடம். பின்னர் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் (பாஸ்), 1952 முதல் ஐசோநியாசிட் ஆகியவை துணை மருந்துகளாகச் சேர்ந்தன.

சென்னை மையம்

அக்காலத்தில் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் தங்க வைத்துக் குணப்படுத்துவதே வழக்கம். தாம்பரம் சானடோரியம் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் படுக்கைகள் குறைவு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூர் போன்ற வேளாண் பகுதிகளில், கூலி வேலையையும் குடும்பத்தையும் விட்டு ஓராண்டு மருத்துவமனையில் தங்குவது எளிதான காரியம் அன்று.

இந்நிலையில் 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் அதன் முதல் இயக்குநர். இன்று இது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது.

வீட்டில் இருந்தபடி மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர் என்று இம்மையம் 1959இல் நிறுவியது. வீட்டில் உடனிருந்த உறவினருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.

வாரம் இரு ஊசி

இச்சிகிச்சையில் ஒரு சிக்கல் எஞ்சியது. தினமும் பாஸ் மாத்திரைகளைப் பெருமளவில் விழுங்க வேண்டும். அவை வயிற்றைப் புரட்டும். இருமல் குறைந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவர். வீட்டில் கொடுக்கும் மாத்திரை உண்மையில் உட்கொள்ளப்படுகிறதா என்பதை அறிய முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணவும் சிறுநீரைச் சோதிக்கவும் நேர்ந்தது.

இதற்கு விடையாக ஊசி வந்தது. வாரம் இருமுறை நோயாளி மருத்துவ நிலையத்துக்கு வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு, ஊழியர் கண்ணெதிரே ஐசோநியாசிட் மாத்திரையையும் விழுங்கினார். 1964இல் வெளியான முடிவுப்படி, இம்முறை தினசரி மாத்திரைக்குச் சற்றும் குறையாத பலன் தந்தது. வாரம் ஒரு முறையாகக் குறைத்தபோது எல்லோரிடமும் அதே பலன் கிட்டவில்லை. குறிப்பாக, ஐசோநியாசிட்டை உடல் விரைவாகச் செயலிழக்கச் செய்யும் இயல்புடையோரிடம் பலன் குறைந்தது. நேரில் கண்காணித்து மருந்து கொடுக்கும் இம்முறையே பிற்காலத்து ‘டாட்ஸ்’ திட்டத்தின் வேர்களுள் ஒன்று.

பாதுகாப்பு விதிகள்

ஸ்ட்ரெப்டோமைசின் உட்செவியின் சமநிலை உறுப்பைத் தாக்கும். நடை தள்ளாடுவது, காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவது ஆகியவை அறிகுறிகள். இழந்த செவித்திறன் பெரும்பாலும் மீளாது. மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்கும் முதியோருக்கும் அது உடலில் தேங்கும். கருவிலுள்ள குழந்தையின் செவியைப் பாதிக்கக் கூடும் என்பதால் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கப்படுகிறது. தாய்வழியே வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சில ஊசிகளே செவியைப் பறித்துவிடலாம். ஆகவே ஊசி போடுமுன், தாய்வழி உறவில் இத்தகைய ஊசியால் காது கேளாமற்போனவர் உண்டா என்று கேட்பது அவசியமாயிற்று.

1997இல் தொடங்கிய திருத்தியமைக்கப்பட்ட தேசிய காசநோய்த் திட்டத்தில், மறுசிகிச்சை பெறுவோருக்கு வாரம் மூன்று வீதம் இரண்டு மாதங்களில் 24 ஊசிகள் போடப்பட்டன. வழக்கமான அளவு 750 மி.கி.; 50 வயதைக் கடந்தோருக்கு 500 மி.கி. கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களே இதன் களம். கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்திய கண்ணாடி ஊசிக்குழலின் இடத்தை, ஒரு முறை மட்டும் பயன்படும் ஊசிக்குழல் பிடித்ததால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஊசிவழி பரவும் ஆபத்தும் குறைந்தது.

ஊசி விடைபெறல்

தோல்வியுற்ற சிகிச்சையில் ஒரே ஒரு புதிய மருந்தாக ஸ்ட்ரெப்டோமைசினைச் சேர்ப்பது, 1948இன் தவற்றைத் திரும்பச் செய்வதாகும் என்ற விமர்சனம் வலுத்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் அந்த மறுசிகிச்சை முறையைக் கைவிடப் பரிந்துரைத்தது. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குப் போடப்பட்ட கானமைசின் ஊசியும் பலரின் செவியைப் பறித்ததால் 2018இல் விலக்கப்பட்டது. பெடாகுயிலின் முதலான மாத்திரைகள் அவ்விடத்தை நிரப்பின. 2024இல் இந்தியா ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

ஊசி போட்டால்தான் நோய் தீரும் என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் உண்டு. காசநோயின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. சென்னையில் ஊசி வென்றதற்கு மருந்தின் வீரியம் மட்டும் காரணமன்று. நோயாளியை வாரம் இருமுறை செவிலியர் முன் வரவழைத்து, துணை மருந்தையும் தவறாமல் விழுங்கச் செய்ததும் காரணமாகும். அதே பலனை மாத்திரை தரும்போது ஊசியைத் தவிர்ப்பதே பாதுகாப்பான பயன்பாடு என்ற முடிவுக்கு மருத்துவம் வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.