காந்த ஊசியை விரட்டிய மின்சாரம்: கொலாபா முதல் ஹைதராபாத் வரை

பள்ளிப் பாடநூல்களில் ஆர்ஸ்டெட் என்னும் அறிவியலாளரின் பரிசோதனை அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது, ஆண்டு 1820. இந்தியாவிலோ, மின்னோட்டம் காந்தப் புலத்தை உண்டாக்கும் என்ற அந்த விதி ஓர் ஆய்வகத்தையே ஊர் மாற்றியிருக்கிறது. மின்காந்தவியலின் முதல் பாடத்தைச் சொல்லித்தர நம் காந்த ஆய்வகங்களின் வரலாற்றைவிட நல்ல வழி இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புவிக்காந்தப் புலத்தை அளக்கும் பணி 1841இல் பம்பாயின் கொலாபாவிலும் திருவனந்தபுரத்திலும் தொடங்கியது. பின்னர் திருவனந்தபுரம் ஆய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் புரூன் அகத்தியர் மலைமேலும் ஓர் அளவீட்டுக் கூடம் கட்டினார். அக்கால அளவீட்டாளர்களுக்குத் தொல்லை தந்தவை மழையும் ஈரமும்தான். 1900ஆம் ஆண்டுவாக்கில் பம்பாயின் குதிரை டிராம்களை மின்சாரத்துக்கு மாற்றும் திட்டம் வந்தபோது நிலைமை மாறியது. டிராம் மின்னோட்டத்தின் புலம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், கொலாபாவின் இயக்குநர் மூஸ் கடலுக்கு அப்பால் அலிபாகில் புதிய ஆய்வகம் அமைத்தார். இரும்பு கலவாத போர்பந்தர் மணற்கல், தேக்கு, பித்தளை ஆகியவற்றால் கட்டிய கூடங்கள் அவை. 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்து, பழைய பதிவுத் தொடர் அறுபடாமல் காத்தார். இந்திய அறிவியலில் இதற்கு இணையான பொறுப்புணர்வு அரிது.

அத்தனை தூரம் போக வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீண்ட நேர்க்கம்பியில் 100 ஆம்பியர் பாய்ந்தால், 1 கிலோமீட்டர் தள்ளி அதன் புலம் 20 நானோடெஸ்லா. போகும் கம்பிக்கு 5 மீட்டர் இடைவெளியில் அதே மின்னோட்டம் திரும்பி வந்தால், இரண்டின் புலங்களும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடும்; 0.1 நானோடெஸ்லாதான் மிஞ்சும். டிராமில் மின்னோட்டம் மேல்கம்பி வழியாக வந்து தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. தண்டவாளம் மண்ணில் பதிந்திருப்பதால் அதில் ஒரு பகுதி நிலத்துக்குள் கசிந்து நெடுந்தூரம் பரவும். அழிக்க வேண்டிய புலம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

ஹைதராபாத்தின் கதை பிந்தியது. தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 1961இல் பிறந்தது. உப்பல் சாலையிலுள்ள அதன் வளாகத்தில் 1964–65இல் காந்த ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. 2009இல் இன்டர்மேக்னெட் என்னும் உலக வலையமைப்பில் சேர்ந்தது. இங்கே கிடைமட்டப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. சூரியனால் அன்றாடம் அதில் ஏற்படும் மாற்றம் சில பத்து நானோடெஸ்லாதான். மேலே சொன்ன 20 எவ்வளவு பெரியது என்பது இப்போது விளங்கும். அளவெடுக்கப் போகிறவர் சாவிக்கொத்து, கைபேசி, பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் கருவி அருகே செல்ல வேண்டும்.

பின்னர் நகரம் வளாகத்தைச் சூழ்ந்துகொண்டது. 2017 நவம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயரிலேயே வாசலருகே ஒரு நிலையம். இந்த மெட்ரோவுக்கு 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுற்று மாறுவதால், நிமிடச் சராசரியில் அதன் புலம் பெரும்பாலும் கழிந்துபோகும். நேர்மின்னோட்டத்தில் ஓடிய பம்பாய் டிராம் அளவுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நகரும் ரயில்களிலுள்ள இரும்பின் பாதிப்பு சராசரியில் கழியாது. நகருக்கு வெளியே சௌட்டுப்பல் வளாகத்தில் நிறுவனம் இன்னோர் ஆய்வகத்தை அமைத்திருப்பதை மூஸின் வழிமுறையின் தொடர்ச்சியாகவே நான் காண்கிறேன்.

ஊசியைக் கெடுக்கும் அதே விதிதான் வானத்து மின்சாரத்தையும் காட்டித்தருகிறது. தென்கோடித் தமிழகத்தின் மேல், தரையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல்தோறும் கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் பாய்கிறது. திருநெல்வேலிப் பக்கம் அளக்கும் கிடைமட்டப் புலம் நண்பகலையொட்டி உயர்வது அதனால்தான். அந்த ஓடையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது ஹைதராபாத். தெற்கின் அளவிலிருந்து ஹைதராபாத்தின் அளவைக் கழித்தால், பொதுவான மாற்றங்கள் நீங்கி, வானில் ஓடும் அந்த மின்னோட்டத்தின் வலிமை எண்ணாகக் கிடைக்கிறது.