முஹம்மது அலி: ஒரு பெயரின் வரலாறு

அரபு மரபில் ஒரு மனிதரின் பெயர் தனிச்சொல்லாக நின்றுவிடுவதில்லை. இஸ்ம், குன்யா, நஸப், லகப், நிஸ்பா என அடுக்கடுக்காக அமைந்து, அவர் யார், யாருடைய மகன், எந்த ஊரார் என்பன அனைத்தையும் அது உரைத்துவிடும். எனவேதான் ஒருவரை அடிமையாக்கும்போது அவரிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது பெயராக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெயரைக் காப்பதற்காகப் பெரும் விலை கொடுத்தவரும், அதே பெயருக்காகப் பெரும் விலை பெற்றவரும் ஒருவரே. அவர்தாம் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி. அவருடைய கைகளின் வலிமையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவருடைய பெயரை யார் மறுத்தனர், யார் இரவல் வாங்கினர், யார் விலைக்கு வாங்கினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் முதல் ஒப்பந்தமும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில் 1942 ஜனவரி 17ஆம் நாள் பிறந்த அவருக்குக் காசியஸ் மார்செல்லஸ் கிளே எனப் பெயரிடப்பட்டது. அது அவருடைய தந்தையின் பெயரும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய வெள்ளை இனத் தலைவர் ஒருவரின் நினைவாக அக்குடும்பம் ஏற்றுக்கொண்ட பெயர் அது. நன்றியுணர்வால் சூட்டப்பட்ட பெயரே ஆயினும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மூதாதையரின் பெயர் எதுவென்று அக்குடும்பத்தாருக்குத் தெரியாது என்ற கசப்பான உண்மையையும் அது தாங்கி நின்றது.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்று ஊர் திரும்பிய அந்தப் பதினெட்டு வயது இளைஞரை, லூயிவில் நகரின் வெள்ளை இனச் செல்வந்தர் பதினொருவர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டனர். பயிற்சிச் செலவு முழுவதும் அவர்களைச் சார்ந்தது. வருமானத்தில் பாதியும் அவர்களைச் சார்ந்தது. அக்காலக் குத்துச்சண்டை உலகில் இது நேர்மையான ஒப்பந்தமாகவே கருதப்பட்டது. எனினும் ஒரு மனிதரின் உடலுழைப்பு பங்குகளாகப் பிரிக்கப்பட்டதையும், அவருடைய தொழில் வாழ்வு அவ்வாறே தொடங்கியதையும் நாம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றமும் மறுப்பும்

1964 பிப்ரவரி 25ஆம் நாள் சன்னி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியனான அவர், அடுத்த சில நாட்களிலேயே தம்முடைய மார்க்கத் தேர்வை அறிவித்தார். மார்ச் 6ஆம் நாள் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தின் தலைவர் எலிஜா முஹம்மது அவருக்கு முஹம்மது அலி எனப் பெயர் சூட்டினார். அவ்வியக்கத்தின் கொள்கைகள் பல அஹ்லுஸ் ஸுன்னாவின் அகீதாவுக்கு முரணானவை என்பதை வாசகர் அறிவர். அலி 1972ஆம் ஆண்டு ஹஜ் செய்தார். 1975ஆம் ஆண்டில் எலிஜா முஹம்மது மறைந்தபின் முறையான இஸ்லாமிய நெறிக்கு வந்து சேர்ந்தார். பெயர் முதலில் வந்தது. அப்பெயருக்குரிய பாதை பின்னர் தெளிவாயிற்று.

இங்கு ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. சிறு வயதில் கவர்ந்து செல்லப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட அவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்டு, வளர்ப்பு மகனாக ஏற்கப்பட்டு, 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைக்கப்பட்டு வந்தார். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளை இறங்கியதும், தந்தை ஹாரிஸாவின் பெயராலேயே மீண்டும் அழைக்கப்பட்டார். மனிதகுலத்தின் மிகச் சிறந்த பெயரோடு இணைந்திருந்த நிலையிலும், ஒருவருக்கு அவருடைய சொந்த வம்சப் பெயரைத் திருப்பிக் கொடுப்பதே நீதி எனக் குர்ஆன் கருதியது. திருப்பிக் கொடுக்க வம்சப் பெயர் ஒன்று ஸைதுக்கு இருந்தது. கென்டக்கி இளைஞருக்கு அதுவும் இருக்கவில்லை. ஆகவே அவர் நம்பிக்கையின் பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டார்.

அமெரிக்கச் சமூகம் அப்பெயரை ஏற்க மறுத்தது. பெரும் நாளிதழ்களும் பல ஆண்டுகள் அவரைக் கிளே என்றே எழுதின. 1967 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் நடந்த போட்டிக்கு முன்னர், எதிராளி எர்னி டெரல் அவரைப் பழைய பெயராலேயே அழைத்து வந்தார். பதினைந்து சுற்றுகள் நீடித்த அப்போட்டியில், என் பெயர் என்ன எனக் கேட்டுக் கேட்டு அலி அவரைத் தாக்கியது விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் வலியவர் எனப்படுபவர் மற்போரில் வீழ்த்துபவர் அல்லர், கோபத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே என்ற நபிமொழியின் அளவுகோலில், அந்த இரவு அலிக்குப் பெருமை சேர்த்த இரவு அன்று. அவருடைய உண்மையான வலிமை வெளிப்பட்டது அதே நகரில், அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள். வியட்நாம் போருக்கான படைச் சேர்ப்பு நிலையத்தில் அழைக்கப்பட்டபோது, அவர் முன்னே அடியெடுத்து வைக்க மறுத்தார். சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லையெனினும், இருபத்தைந்தாவது வயதில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் மேடையேற வழியின்றிக் கழிந்தன. 1971 ஜூன் 28ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அவரை விடுவித்தது. அந்த வழக்கு இன்றளவும் சட்ட ஏடுகளில் 'கிளே எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்ற தலைப்பிலேயே காணப்படுகிறது. அவரை விடுவித்த நீதிமன்றத்தின் ஏட்டிலும் பழைய பெயரே முன் நிற்கிறது.

அரசுகள் இரவல் வாங்கிய பெயர்

ஒரு வீரரின் புகழை நாட்டின் பெருமையாக்குவது அரசுகளுக்குப் புதிதன்று. 1938ஆம் ஆண்டு ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்திய ஜோ லூயிஸை அமெரிக்கா தேசிய வீரராகக் கொண்டாடியது. 1942ஆம் ஆண்டில் இரு போட்டிகளின் வருவாயைக் கடற்படை, தரைப்படை நல நிதிகளுக்கு அவர் வழங்கினார். அந்த நாடே பின்னாளில் வருமான வரி நிலுவைக்காக அவரைப் பல்லாண்டுகள் துரத்தியது. கடைசிக் காலத்தில் அவர் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியில் இருந்தார். கொண்டாட்டம் மேடையோடு முடிந்துவிடுகிறது. கணக்குப் புத்தகம் மட்டும் வீடுவரை பின்தொடர்கிறது.

அலியின் பெயரை முதலில் விலை கொடுத்துப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அயல்நாட்டு ஆட்சியாளர்களே. 1974 அக்டோபர் 30ஆம் நாள் கின்ஷாஸாவில் அவரும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய போட்டிக்காக, வறிய மக்களைக் கொண்ட ஸயீர் நாட்டின் சர்வாதிகாரி மொபுட்டு, இருவருக்கும் தலா ஐம்பது இலட்சம் டாலர் கிடைக்க வழி செய்தார். அடுத்த ஆண்டு மணிலாவில் நடந்த போட்டிக்கு, இராணுவச் சட்டத்தின்கீழ் நாட்டை வைத்திருந்த மார்க்கோஸ் ஆதரவளித்தார். இருவருக்கும் தேவைப்பட்டது, உலகம் மதிக்கும் ஒரு பெயரின் நிழல்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி இந்தியாவுக்கு வந்தார். சென்னை நேரு விளையாட்டரங்கில், தம் ஊர்க்காரரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஈடுபட்டார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதில் கலந்துகொண்டார். வடசென்னையில் பல தலைமுறைகளாகக் குத்துச்சண்டை வேரூன்றியிருந்த காரணத்தால், அந்த வருகை இன்றும் அங்கே பேசப்படுகிறது.

அந்த இந்தியப் பயணத்தினிடையேதான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் வேண்டுகோள் அலிக்கு வந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளிடம் அவர் பேச வேண்டும் என்பதே அது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் தண்டித்த அதே அரசு, இப்போது அவருடைய பெயரைத் தூதாக அனுப்பியது. இந்தியாவிலிருந்து தான்சானியா சென்றிறங்கிய அவரைச் சந்திக்கத் தலைவர் நைரேரே இசையவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறிப் பிரச்சினையில் 1976ஆம் ஆண்டு ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா ஏன் துணை நிற்கவில்லை என்ற கேள்வி அவர்முன் வைக்கப்பட்டது. முழு வரலாறும் தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்ற கருத்தை அலி வெளிப்படையாகவே கூறினார். பெயரை இரவல் கொடுப்பவர், அது எதற்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும் என்பது இந்நிகழ்ச்சி தரும் படிப்பினை.

சந்தையில் பெயர்

பெயர் இவ்வாறு உயர்ந்துகொண்டிருக்க, உடல் தேய்ந்துகொண்டிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மற்போர் புரிந்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. முகத்தில் அடிப்பதைத் தடுத்த நபிமொழிகளும் உண்டு. ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் மக்கா ஃபிக்ஹ் மன்றம் 1987ஆம் ஆண்டுக் கூட்டத்தில், இன்று நடைமுறையில் உள்ள குத்துச்சண்டை மார்க்கத்தில் தடுக்கப்பட்டதெனத் தீர்மானித்தது. அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது 1984ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. நம் வீரர் எனப் பெருமை பேசும் நாம், இத்தீர்மானத்தை மறைத்துவிட்டு அவரைப் பேசுவது அறிவு நாணயம் ஆகாது.

மேடையை விட்டிறங்கிய பின்னரும் பெயருக்கு ஓய்வில்லை. கரப்பான்பூச்சி மருந்து நிறுவனம் ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரத்தில் அவர் தோன்றினார். 1999ஆம் ஆண்டு காலை உணவுத் தானியப் பெட்டியில் அவர் படம் அச்சாயிற்று. 2004ஆம் ஆண்டு அடிடாஸ் விளம்பரத்தில், குத்துச்சண்டை வீராங்கனையான மகள் லைலாவுடன் திரையில் இணைக்கப்பட்டார். 2006ஆம் ஆண்டு தம் பெயரையும் உருவத்தையும் வணிகத்தில் பயன்படுத்தும் உரிமையில் 80 விழுக்காட்டை ஐந்து கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்திற்கு விற்றார். 2013ஆம் ஆண்டில் அவ்வுரிமை வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆக, ஒரு மனிதர் உயிரோடிருக்கும்போதே அவருடைய பெயர் இருமுறை கைமாறியது.

இதனை மார்க்க அடிப்படையில் குறை கூற முடியுமா? ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வணிகப் பெயர், வணிக முத்திரை முதலானவை பொருள்மதிப்புடைய உரிமைகள் என்றும், ஏமாற்றும் மோசடியும் இல்லாதவரை அவற்றைக் கைமாற்றலாம் என்றும் தீர்மானித்தது. எனவே உழைத்துத் தேடிய பெயருக்கு அதன் உரிமையாளர் விலை பெறுவதை மட்டும் வைத்துக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய உழைப்பால் பிறர் மட்டுமே செல்வராவதைவிட இது நீதிக்கு அருகிலானது.

ஆனால் விற்கக்கூடிய பெயருக்கும் விற்கக்கூடாத பெயருக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அதனை அலியே காட்டிச் சென்றார். ஹாலிவுட் நடைபாதையில் புகழ்பெற்றோரின் பெயர்களை நட்சத்திர வடிவில் தரையில் பதிப்பது வழக்கம். தாம் நபியவர்களின் திருப்பெயரைத் தாங்கியிருப்பதால், அது மக்களின் கால்களில் மிதிபட இடந்தர முடியாதென அலி மறுத்தார். 2002ஆம் ஆண்டு அவருடைய நட்சத்திரம் மட்டும் அரங்கச் சுவரில் பதிக்கப்பட்டது. 'முஹம்மத்' என்ற சொல் ஹம்து என்னும் வேரிலிருந்து பிறந்தது. பெரிதும் புகழப்பட்டவர் எனப் பொருள்படும். 'அலி' என்பதற்கு உயர்ந்தவர் என்பது பொருள். தம்முடைய புகழ் வேறு, தாம் தாங்கிய பெயரின் புகழ் வேறு என்பதை நோயுற்ற நிலையிலும் அவர் மறக்கவில்லை.

நம் ஊரும் நம் காலமும்

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் வாழ்வோர்க்குப் பெயரின் விலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அதே நூல், அதே துணி, அதே பவர் டேபிள் தையல். கழுத்துப் பட்டியில் தைக்கும் ஒரு சிறிய லேபிளும், மார்பில் பதிக்கும் ஒரு பிரிண்டும் பனியனின் விலையைப் பன்மடங்காக்கிவிடுகின்றன. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்தப் பெருக்கத்தில் பங்கில்லை. வீரரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ, அதன் ஒளியில் அதைச் சுமந்த கைகள் மறைந்துவிடுகின்றன. கண்ணியத்திற்குரிய பெயர்கள் அச்சான துணி, கட்டிங் வேஸ்ட்டாகத் தரையில் விழுந்து கால்களில் மிதிபடும்போது அதனை எடுத்து ஒதுக்கி வைப்பது, ஹாலிவுட் சுவரில் காட்டப்பட்ட அதே அதபு ஆகும். அதற்குப் பெரும் புகழ் தேவையில்லை, கவனம் போதும்.

இந்தியாவிலும் இன்று அதே கேள்விகள் எழுகின்றன. தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன் 2022 மே மாதம் இஸ்தான்புல்லிலும், 2023 மார்ச்சில் தில்லியிலும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். தில்லி வெற்றிக்குப் பின் வாகன நிறுவனமொன்று அவருக்குக் கார் பரிசளித்தது. முன்னர் விலையுயர்ந்த கார் வாங்க எண்ணியிருந்த அவர், அதனை விடுத்துப் பரிசுப் பணத்தில் பெற்றோரை உம்ராவுக்கு அனுப்ப விரும்புவதாகக் கூறினார். தாம் ஒரு சமூகத்துக்காக மட்டுமன்றி நாட்டுக்காகவே மேடையேறுவதாகவும் சொல்லியிருக்கிறார். வெற்றி பெறும்போது 'நாட்டின் மகள்' என்பதும், மற்ற வேளைகளில் அவருடைய உடையையும் மார்க்கத்தையும் விவாதிப்பதும் முறையன்று. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பதக்கமின்றித் திரும்பினார். மேடையில் கிடைக்கும் மரியாதை தோற்றுத் திரும்பும் நாளிலும் கிடைக்குமாயின், அதுவே உண்மையான தேசப் பெருமை.

லூயிவில் நகரம் 1978ஆம் ஆண்டு தன் வீதியொன்றுக்கும், 2019ஆம் ஆண்டு தன் விமான நிலையத்துக்கும் முஹம்மது அலியின் பெயரைச் சூட்டியது. 2016 ஜூன் 3ஆம் நாள் மறைந்த அவருடைய ஜனாஸா தொழுகை அந்நகரிலேயே நடந்தது. பெயரை மறுத்த நாடு, காலம் கடந்து அப்பெயரைக் கல்லில் பொறித்தது. நாடு கொடுத்ததை நாடே பறித்தது. பின்னர் நாடே திருப்பித் தந்தது. வணிகர்கள் வாங்கிய உரிமையோ ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எவராலும் பறிக்கவோ விலைக்கு வாங்கவோ முடியாமல் எஞ்சியது, அவர் எவருக்கும் தர மறுத்த பகுதி மட்டுமே. பெயர் ஓர் அமானிதம். அதனைத் தாங்குபவர் எதற்காக அதைத் தருகிறார், எந்த இடத்தில் தர மறுக்கிறார் என்பதைக் கொண்டே வரலாறு அவரை மதிப்பிடுகிறது.