பின்சாய்வுக் கோட்டின் வயது: ஆட்டோகேடில் ‘நின்று கேட்கும்’ வழக்கம் குறித்து

பாகாயத்தில் நான் வரைவு பழகிய வகுப்பில் நகலெடுத்துக் கொடுத்த குறிப்பேடு ஒன்று உண்டு. எழுதிவைத்த கட்டளைத் தொடர் பாதி வழியில் நின்று, பொருளை எங்கே வைப்பது என்று வரைபவரைக் கேட்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? ஆட்டோகேடுக்குள் நிரல் எழுதும் ஆட்டோலிஸ்ப் மொழியோடு என்பது குறிப்பேட்டின் பதில். அதற்கு முன் நிரலுக்கு வாய் கிடையாது, பயனரிடம் புள்ளி கேட்கும் கெட்பாயின்ட் செயற்கூறு வந்துதான் பேசக் கற்றுக்கொடுத்தது என்று அது விளக்கும். இதே வாசிப்பை வேறு வகுப்புகளிலும் கேட்டிருக்கிறேன். இதில் பாதி சரி.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கெட்பாயின்ட் தன் சொந்த வாசகத்தில் கேட்கிறது. வந்த புள்ளியை மாறியில் வைத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு மேலே கணக்குப் போடலாம். ஆனால் தோல் தொழிற்சாலை வரைபடத்தில் டிரம்மை வடிகால் ஓரமாக வைக்கும் ஒருவரைக் கவனியுங்கள். கெட்பாயின்ட் கேட்கும்போது திரையில் வெறும் குறுக்குக்கோடுதான் நகரும். இன்சர்ட் கட்டளையே கேட்டால் டிரம்மின் உருவமே கர்சரோடு நகர்ந்து வரும். சுவரில் இடிக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொடுக்கலாம். இங்கே கேட்பது நிரல் அன்று. நிரல் வாயை மூடி ஒதுங்கி நிற்கிறது, கேள்வியைக் கட்டளை கேட்கிறது. குறிப்பேடு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

அப்படி ஒதுங்கி நிற்பதற்கு ஆட்டோலிஸ்பில் உள்ள சொல் ‘பாஸ்’. அது ஒரு சரத்தைத் தாங்கிய முன்வரையறுத்த குறியீடு. ஆட்டோடெஸ்க் கையேட்டில் அதன் மதிப்புக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன: நிரலிலிருந்து கட்டளைகளை இயக்கும் கமாண்ட் செயற்கூற்றின் விளக்கத்தில் ‘ஒற்றைப் பின்சாய்வுக் கோடு’, முன்வரையறுத்த மாறிகளின் பட்டியலில் ‘இரட்டைப் பின்சாய்வுக் கோடு’. எது சரி? சரத்தின் நீளத்தை அளந்தால் 1 என்று வருகிறது. ஆகவே உள்ளே இருப்பது ஒன்றே. ஆட்டோலிஸ்ப் சரங்களில் பின்சாய்வுக் கோடு விடுபடு குறியாக இருப்பதால் எழுதும்போது இரண்டாக இட வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாடம் எழுத்துமுறையைப் பொருளாக எடுத்துக்கொண்டதன் விளைவு.

என் வாதம் இந்த இடறலில்தான் நிற்கிறது. சரத்துக்குள் இருமுறை எழுதியே தீரவேண்டிய ஒரு குறியை, வேறு எதையும் எடுக்கச் சுதந்திரம் இருந்த மொழியாளர் நிறுத்தக் குறியாகத் தேர்ந்திருப்பாரா? மாட்டார். அது ஏற்கெனவே வேறிடத்தில் புழங்கியிருக்க வேண்டும். அந்த இடம் மெனுக் கோப்பு. ‘இன்சர்ட்;டிரம்;\1;1;0’ என்ற மெனு வரியில் அரைப்புள்ளி என்டர், \ வந்ததும் தொடர் நின்று சொடுக்குக்குக் காத்திருக்கும், பிறகு அளவுகள் இரண்டும் கோணமும் தாமே போய்ச் சேரும். கையேட்டின் எச்சரிக்கை ஒன்றும் இதற்குத் துணை: மெனுவிலிருந்து கமாண்டை அழைக்கும்போது \ இட்டால் மெனுவே படிப்பதை நிறுத்திவிடும், ஆகவே ‘பாஸ்’ என்ற சொல்லையே எழுதுக என்கிறது. ஒரு குறிக்கு இரு வீடுகளும் உரிமை கோருகின்றன. மெனுவின் உரிமையே முந்துகிறது.

ஸ்கிரிப்ட் கோப்புகள் பயனருக்காக நிற்பதில்லை என்று மறுப்புச் சொல்லலாம். உண்மைதான். குறிப்பேட்டின் ‘வாயில்லாத நிரல்’ ஸ்கிரிப்டுக்குப் பொருந்தும், மெனுவுக்குப் பொருந்தாது.

காலத்தை நான் இறுக்கிச் சொல்லவில்லை. ஆட்டோலிஸ்பின் பிறப்பே இரட்டை: 1985இல் ‘மாறிகளும் கோவைகளும்’ என்ற பெயரில் அரைகுறையாக வந்தது, 1986 சனவரியில் 2.18ஆம் பதிப்பில் முழு மொழியானது. எதைத் தொடக்கமாக எண்ணுவது என்பதைப் பொறுத்து மெனுவின் முந்துரிமை சில மாதங்கள் கூடும், குறையும். ஆனால் ஆட்டோலிஸ்ப் இல்லாமலும் இந்த வழக்கம் வாழ முடியும் என்பதற்கு ஆட்டோகேடின் குறுக்கப்பட்ட வடிவமான எல்.டி.யே சாட்சி. 2024ஆம் பதிப்புக்கு முன் அதில் அம்மொழி கிடையாது. அதன் மெனு வரிகளோ \ கண்ட இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தன.

வேலூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்து வரைவாளர்கள் யாரிடமாவது எண்பதுகளின் மெனுக் கோப்பு பழைய பிளாப்பியில் இருந்தால் அழித்துவிட வேண்டாம். கோப்பின் தேதியையும் முதல் \ வரும் வரியையும் குறித்துவைத்தால் போதும்.