கிளவுட்லெட்

'-லெட்' என்ற ஆங்கில விகுதி சிறுமையைக் காட்டும். அகராதிப்படி கிளவுட்லெட் என்றால் சிறு மேகம். கணினித் துறையிலோ அதற்கு இரண்டு பொருள்.

ராணிப்பேட்டைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் இச்சொல்லைப் பெரும்பாலும் அறிவது கிளவுட்சிம் வழியே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்ட ஆய்வகப் பயிற்சிகளில் அதுவும் இருந்தது. மேகக் கணிமையை ஒற்றை மடிக்கணினியிலேயே நடத்திப் பார்க்க உதவும் இந்த ஜாவா கருவித்தொகுப்பு, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யா குழு உருவாக்கியது. இதில் கிளவுட்லெட் என்பது ஒரு வேலை. எத்தனை கட்டளைகள், எவ்வளவு பெரிய கோப்பு என்ற கணக்கோடு வரும். முன்னோடியான கிரிட்சிம்மில் இதன் பெயர் கிரிட்லெட்.

கிளவுட்சிம் முதலில் கிரிட்சிம்மின் மேல் கட்டப்பட்டிருந்தது; அந்த அடித்தளம் பின்னர் கழற்றப்பட்டது. 2016இல் வந்த 4.0 பதிப்பில் கன்டெய்னர் வசதி சேர்ந்தது. அண்மைய 7ஜி பதிப்பிலோ வகுப்புகளின் அமைப்பே மாறியது. பழைய நிரலை அப்படியே ஓட்ட நினைப்பவருக்குப் பிழைச்செய்திகள்தான் மிஞ்சும். கிளவுட்லெட் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது பொருள் வேறு. சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்தியநாராயணன் 2009இல் கூட்டாக எழுதிய கட்டுரையில், கைப்பேசிக்கு அருகில் இயங்கும் குட்டித் தரவு மையமே கிளவுட்லெட். கிளவுட்சிம்மில் அது வேலை, இங்கே வேலை நடக்கும் இடம். கட்டுரை எழுதும் மாணவர் எதைச் சொல்கிறார் என்பதை முதல் பத்தியிலேயே தெளிவுபடுத்துவது நல்லது.