விழா நாளும் வழிநடையும்: அன்னா பாவ்லோவாவின் ஆடற்குழு

ஊரார்க்கு விழா நாள் ஓய்வு நாள். ஆடுவோர்க்கோ அதுவே உழைப்பு மிகுந்த நாள். பழந்தமிழ்க் கூத்தரும் பாணரும் விறலியரும் யாழும் முழவும் சுமந்து, ஆதரிப்போரை நாடி நடந்த வாழ்வைப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் உண்டென்பதும் நாம் அறிந்ததே. வழியும் களைப்பும் கலையும் ஒன்றாய்ப் பிணைந்த அவ்வாழ்க்கை எந்நாட்டுக்கும் பொதுவானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகையே வீதியாகக் கொண்டு திரிந்த ஓர் ஆடற்குழுவின் கதையை ஈண்டு எண்ணிப் பார்ப்போம். ரஷ்ய ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் பாலே குழுவே அது.

1881-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் சலவைத் தொழில் செய்த ஓர் ஏழைத் தாய்க்குப் பிறந்தவர் பாவ்லோவா. பேரரசின் பாலே பள்ளியில் பயின்று, அரசவை அரங்கில் முதன்மை பெற்றார். 1908-இல் வடஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றுவந்த பயணம், அவர் வாழ்வைத் திசை திருப்பிற்று. 1912-இல் லண்டனில் ‘ஐவி ஹவுஸ்’ என்னும் இல்லத்தை வாங்கினார். 1914-இல் மூண்ட உலகப் போரும் அதன்பின் எழுந்த புரட்சியும் தாயகத்தின் கதவை அடைத்தன. மீண்டும் அவர் ரஷ்ய மண்ணை மிதிக்கவே இல்லை. வீடு இருந்தும் வீட்டில் தங்கிய நாள்கள் சில. வழியில் கழிந்த நாள்களோ பல.

அக்குழுவின் அன்றாடம் எளிதன்று. அமெரிக்கப் பயணங்களில் ஓர் ஊரில் ஓர் இரவே ஆட்டம். திரை விழுந்ததும் உடைகளும் திரைச்சீலைகளும் பெட்டிகளில் ஏறும். குழுவினர் இரயிலில் உறங்கி, மறுநாள் வேறோர் ஊரில் கண் விழிப்பர். அரங்கம் எப்படி அமையும் என்பது சென்ற பிறகே தெரியும். 1919-இல் மெக்சிகோ நகரில் காளைப்போர்த் திடலிலும் ஆட நேர்ந்தது. எங்குச் சென்றாலும் நாள்தோறும் செய்யும் பயிற்சியை மட்டும் விட இயலாது. குழுவின் பெண்களில் பலர் இளவயது ஆங்கிலேயர்; பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்தவர்கள்.

பிரிவின் துயர் மிகுவது பண்டிகை நாளில் அன்றோ! இதனை நன்குணர்ந்தவர் பாவ்லோவா. கிறிஸ்துமஸ் வந்தால், எந்த ஊரில் இருந்தாலும் குழுவினர்க்கு மரம் அலங்கரித்துப் பரிசளிப்பதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். அவர் பிறந்த திருச்சபையின் பழங்கணக்கில் அத்திருநாள் ஜனவரி 7. அவருடைய குழுப் பெண்களுக்கோ டிசம்பர் 25. தம் நாளை விட்டுப் பிறர் நாளைத் தம் நாளாக்கிக் கொண்ட பெருமனத்தை, பொங்கலையும் தீபாவளியையும் பிறமொழி அயலாரோடு கொண்டாடும் நாம் எளிதில் உணர்வோம்.

1922-இல் ஜப்பான், சீனம் முதலிய நாடுகளைக் கடந்து அக்குழு இந்தியா வந்தது. இந்நாட்டுக் கலைகள் பாவ்லோவாவின் உள்ளத்தைக் கவர்ந்தன. அடுத்த ஆண்டு அஜந்தா ஓவியங்களைத் தழுவிய ஆடலொன்றை லண்டனில் அரங்கேற்றினார். அங்கே ஓவியம் பயின்றுகொண்டிருந்த உதயசங்கர் என்னும் இளைஞரைக் கொண்டு ‘ராதா-கிருஷ்ணன்’ ஆடலை அமைத்து, அவர் கண்ணனாகத் தாம் ராதையாக ஆடினார். உதயசங்கர் அக்குழுவோடு அமெரிக்கா முழுதும் சுற்றினார். பின்னர்த் தாமே குழு அமைத்து, 1932-33 குளிர்காலத்தில் அதே அமெரிக்காவுக்குச் சென்றார். அக்குழுவில் அவருடைய இளவல் ரவிசங்கர் பன்னிரண்டு வயதுச் சிறுவர்! அலைந்து கற்றவர் பின்னாளில் அல்மோராவில் கலைமையம் கண்டார். அங்கே பரதம் கற்பிக்க அழைக்கப்பட்டவர் தமிழகத்து நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை.

1928-இல் பாவ்லோவா மீண்டும் பம்பாய் வந்தார். அவ்வாட்டத்தைக் கண்டவர்களுள் ருக்மிணி தேவி ஒருவர். பிறகு ஆஸ்திரேலியா நோக்கிய கப்பலில் இருவரும் உடன்பயணிகள் ஆயினர். குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி ருக்மிணிக்குப் பாலே பயிற்றினார். உம் நாட்டுக் கலையை நாடுக என்று பாவ்லோவா அறிவுறுத்தினார். 1935 டிசம்பர் இறுதியில், விடுமுறைக் காலத்தில் அடையாற்றில் கூடிய பிரம்மஞான சபை மாநாட்டில் ருக்மிணி தேவி பரதம் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றிற்று.

எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. பாவ்லோவா வந்துதான் பரதம் உயிர்த்தது என்பார் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. இழிசொல்லும் வறுமையும் சூழ்ந்த காலத்தும் அக்கலையைக் கைவிடாது காத்தவர்கள் இசை வேளாளர் குடும்பத்துப் பெண்டிரும் நட்டுவனார்களுமே. ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஆவர். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் அக்கலைக்காக வாதாடினார்; 1931-இல் சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் கல்யாணி அம்மாளின் புதல்வியர் ஆடினர். வந்த விருந்தினர் விளக்கைச் சுட்டிக் காட்டினார். எண்ணெய் வார்த்தவர்கள் நம் வீட்டாரே.

அதே 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்த விருந்தினரின் வழி முடிந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தென்பிரான்சில் கழித்துவிட்டு, அடுத்த பயணத்தைத் தொடங்க ஹாலந்து நோக்கிப் புறப்பட்டார் பாவ்லோவா. இடையில் இரயில் தடைப்பட, கடுங்குளிரில் இறங்கி நின்றார் என்பர். நுரையீரலில் நோய் கண்டது. ஜனவரி 23 அன்று ஹேக் நகர விடுதியொன்றில், ஐம்பது வயது நிறையாமலே மறைந்தார். சில நாள்களில் லண்டன் அப்பல்லோ அரங்கில் அவருடைய ‘மடியும் அன்னம்’ ஆடலுக்குரிய இசை ஒலித்தது. ஆள் இல்லா மேடையில் ஒளிவட்டம் மட்டும் அசைந்தது. அவையோர் எழுந்து நின்றனர்.

தாயகம் இழந்த ஒருவர், சென்ற நாடுகளில் எல்லாம் அந்நாட்டாரை அவரவர் செல்வத்தின்பால் திருப்பினார். தம் மண்ணுக்கு மீள முடியாதவர் பிறரை அவரவர் மண்ணுக்கு மீட்டார். பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்த நாம், விடுமுறை நாள்களில் நம் மக்களை ஆடற்பள்ளிக்கும் சங்க மேடைக்கும் அழைத்துச் செல்கையில் இதனை நினைத்தல் தகும். அக்குழந்தைகளுக்குச் சலங்கை கட்டும் ஆசானும் மேடைப்பின் நின்று உழைப்போரும் தத்தம் பண்டிகையை ஒதுக்கி வைத்தே நமக்கு விழா தருகின்றனர். ஆட்டம் முடிந்ததும் கைதட்டலோடு நில்லாமல், அவர்களுக்கும் ஓர் இலை போடுவோமாக.